பாராமகாலின் தானியப் பாதை

சில காலத்துக்கு முன் வகுப்பில் திப்பு சுல்தான் ஷஹீதுடைய வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மதில் பிளந்த அந்த நண்பகலை எட்டியபோது மாணவன் ஒருவன் எழுந்து, “ஹஜ்ரத், மீர் சாதிக் மட்டும் துரோகம் செய்யாதிருந்தால் சுல்தான் வென்றிருப்பார் அல்லவா?” என்று கேட்டான்.

நம் மேடைகளில் காலங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விடை என் நாவின் நுனியில் இருந்தது. ஆயினும் ‘ஆம்’ என்று சொல்லிவிட மனம் ஒப்பவில்லை. அவன் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளை. அவனுடைய வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி அவன் ஊருக்குப் பக்கத்திலேயே, பாலக்கோட்டிலிருந்து இராயக்கோட்டைக்கு ஏறும் பாதையில் கிடக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் 1799ஆம் ஆண்டு மே மாதம் வீழ்ந்தது. ஆனால், அந்த வீழ்ச்சிக்கு வேண்டிய ஆயத்தங்கள் எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே இந்த மலைப்பாதையில் தொடங்கிவிட்டன. வாளும் பீரங்கியும் மட்டுமே போரை முடிவு செய்வதில்லை. வாளேந்தியவனுக்குச் சோறு வந்துசேரும் பாதையும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இவ்வுண்மையை நம் வீட்டுப் பிள்ளைகள் அறியவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

மூன்று படிகள்

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் திருப்பத்தூர்ப் பகுதியும் அக்காலத்தில் ‘பாராமகால்’ எனப் பெயர் பெற்றிருந்தன. ‘பாரா’ என்பது பன்னிரண்டு. ‘மஹல்’ என்பது இடத்தைக் குறிக்கும் அரபுச் சொல். ஆட்சியாளர் வழக்கில் அது வரிவசூல் வட்டாரத்தையும் குறிக்கலாயிற்று. பன்னிரண்டு மலைக்கோட்டைகளைக் கொண்ட நாடு என்று மக்கள் பொருள் கொண்டனர். பழந்தமிழில் தகடூர் என்று புகழ்பெற்ற அதியமானின் தலைநகர் இந்நிலத்திலேதான் இருந்தது. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் உருவாயிற்று. 2004இல் அதனின்றும் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று.

இந்நிலத்தின் அமைப்பை நினைவில் கொண்டாலன்றி மைசூர்ப் போர்களைப் புரிந்துகொள்ள இயலாது. கிழக்கே ஆர்க்காட்டுச் சமவெளி. மேற்கே கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் மைசூர் மேட்டுநிலம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 1,500 அடி உயரத்தில், வீட்டுத் திண்ணைபோல் அமைந்தது பாராமகால். சமவெளியிலிருந்து இத்திண்ணைக்கு ஏற ஆம்பூர், வாணியம்பாடி வழியும் செங்கம் கணவாயும் உண்டு. தெற்கே சேலத்துக்கு இறங்கத் தொப்பூர்க் கணவாய். திண்ணையிலிருந்து மைசூர் மேட்டுக்கு ஏறப் பல வழிகள் இருப்பினும், பொதிமாடும் பீரங்கி வண்டியும் ஏறத்தக்க எளிய வழி பாலக்கோட்டுக் கணவாய் ஒன்றே எனப் போரறிந்தோர் மதித்தனர். அவ்வழியின் தலைமாட்டில் காவற்காரனைப்போல் நிற்கிறது இராயக்கோட்டை மலை.

ஹைதர் அலி இந்நிலத்தின் அருமையை நன்கு அறிந்தவர். 1767இல் அவர் பாராமகாலில் இறங்கிக் காவேரிப்பட்டணத்தைக் கைப்பற்றியபோது, கும்பினிப் படைத்தலைவர் ஜோசப் ஸ்மித் தம் படைக்கு உணவின்றித் திருவண்ணாமலையை நோக்கிப் போகவேண்டியதாயிற்று. செங்கத்தில் போர் மூண்டது அந்தப் பயணத்தின்போதுதான். 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை செங்கம் கணவாய் வழியாகவே ஆர்க்காட்டு நாட்டில் பாய்ந்து, செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் கும்பினிப் படையொன்றை அடியோடு அழித்தது. பாராமகால் மைசூரின் கையிலிருந்தவரை கணவாய்களின் கதவு மைசூர்ப் பக்கமே தாழிடப்பட்டிருந்தது.

பசி வென்ற போர்

மூன்றாம் மைசூர்ப் போர் 1790இல் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல்லின் படை பாராமகாலில் இருந்தது. ஜெனரல் மெடோஸ் தெற்கிலிருந்து வந்து அதனோடு சேர்ந்தார். இரு படைகளுக்கும் இடையே சிக்கிவிடுவார் என்று எதிர்பார்க்கப்பட்ட திப்பு சுல்தான், அவர்கள் கண்முன்னேயே தொப்பூர்க் கணவாயைக் கடந்து தெற்கே திருச்சிராப்பள்ளிப் பக்கம் சென்றுவிட்டார். நிலத்தை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் உள்ள வேறுபாடு அன்று வெளிப்பட்டது.

அதன்பின் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் பிரபு தாமே படைத்தலைமையை ஏற்றார். வடக்கே சித்தூர்ப் பக்கத்து முகலிக் கணவாய் வழியாக மேட்டுநிலம் ஏறி, 1791 மார்ச் 21இல் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். மே 15ஆம் நாள் அரக்கரேயில் நிகழ்ந்த போரில் வெற்றியும் அவர் பக்கமே நின்றது. ஆயினும் அவர் கோட்டையை முற்றுகையிடவில்லை. ஏன்?

திப்பு சுல்தான் எதிரி வரும் வழிநெடுகிலும் தீவனத்தையும் தானியத்தையும் முன்கூட்டியே அகற்றியும் அழித்தும் வைத்திருந்தார். அவருடைய குதிரைப்படை பின்னாலிருந்து வரும் தொடர்களை மறித்தது. ஒற்றர்களும் ஓலைக்காரர்களும் கடக்க முடியாதவாறு வழிகளை அடைத்தது. கும்பினிப் படையின் மாடுகள் பட்டினியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. மாடு இல்லையெனில் அரிசி இல்லை. அரிசி இல்லையெனில் படை இல்லை. பெரும் பீரங்கிகளை இழுக்கவும் வழியில்லை. மே மாத இறுதி வாரத்தில் கார்ன்வாலிஸ் தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துப்போட்டுவிட்டுப் பெங்களூரை நோக்கித் திரும்பினார். திரும்பும் வழியில் மராட்டியப் படை எதிர்ப்பட்டது. அப்படை அருகில் வந்துவிட்டதென்ற செய்திகூட அவரை எட்டாதபடி மைசூர்க் குதிரைவீரர் தடுத்திருந்தனர். மராட்டியரின் பாசறைக் கடைத்தெருவில் தானியம் மிகுந்த விலைக்கு விற்றது. பசித்த படை அதைக் கொடுத்தே உயிர் பிழைத்தது.

களத்தில் வென்றவர் பின்வாங்கினார். களத்தில் தோற்றவர் தலைநகரைக் காத்துக்கொண்டார். எத்தனை மேடைகளில் சுல்தானின் வீரத்தைக் கேட்டிருப்போம்! பசியையே படைக்கலமாக்கிய இந்த அறிவை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்?

கணவாய் திறந்தது

ஆனால், அந்தத் தோல்வியிலிருந்து கார்ன்வாலிஸ் பாடம் கற்றுக்கொண்டார். பெங்களூருக்குத் திரும்பியதும் அவர் உடனே மீண்டும் தலைநகர்மீது பாயவில்லை. முதலில் பாதையைத் திறக்கும் பணியில் இறங்கினார். 1791 ஜூலை நடுவில் ஓசூர் அவர் கைக்கு வந்தது. அங்கிருந்த மைசூர்க் காவற்படை கோட்டையைக் கைவிட்டுச் சென்றிருந்தது. அடுத்த சில நாள்களில் மேஜர் கௌடி என்பவர் இராயக்கோட்டையின் கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். மலைமேலிருந்த மேற்கோட்டை வலுவானது. நெடுநாள் தாங்கியிருக்கத் தக்கது. ஆயினும் அதன் கில்லேதார் உடன்படிக்கை பேசி ஒப்படைத்துவிட்டார். சுற்றியிருந்த சிறு துர்க்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. பாலக்கோட்டுக் கணவாயின் தாழ் இப்போது மறுபக்கம் மாறியது.

பலன் சில வாரங்களிலேயே தெரிந்தது. ஆகஸ்டு மாதத்தில் சமவெளியிலிருந்து மாபெரும் தொடர் ஒன்று மேட்டுநிலத்தை அடைந்தது. பணம் சுமந்த 100 யானைகள் இரண்டிரண்டாக அணிவகுத்து வந்தன. அரிசி சுமந்த 6,000 மாடுகள், சாராயம் ஏற்றிய 100 வண்டிகள், மற்றப் பொருள்களைச் சுமந்த நூற்றுக்கணக்கான கூலியாட்கள் பின்தொடர்ந்தனர். மே மாதம் உடைந்த பீரங்கிகளால் நேர்ந்த இழப்பை ஆகஸ்டு மாதத்து மாடுகள் ஈடுசெய்தன எனலாம்.

சுல்தான் இதை உணராமல் இருந்தாரில்லை. அக்டோபரில் பாக்கர் சாஹிப் என்பவரின் தலைமையில் ஒரு படையைப் பாராமகாலுக்கு அனுப்பி, அப்பாதையைத் துண்டிக்க முயன்றார். அதை எதிர்க்க மாக்ஸ்வெல் மீண்டும் வந்தார். அக்டோபர் 31ஆம் நாள் பென்னாகரம் கோட்டை தாக்கிப் பிடிக்கப்பட்டது. காவற்படையினர் பலர் கொல்லப்பட்டனர். நவம்பர் 7ஆம் நாள் இரவு கிருஷ்ணகிரியைத் தாக்கினர். பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்து மேற்கோட்டையின் வாயில்வரை ஏறினர். மேலிருந்த மைசூர் வீரர் பாறைகளை உருட்டி ஏணிகளை நொறுக்கினர். தாக்கியோர் இழப்புடன் இறங்கினர். அந்த மேற்கோட்டை போர் முடியும்வரை வீழவேயில்லை. கிருஷ்ணகிரி மலையைப் பார்க்கும்போதெல்லாம் பெயர் தெரியாத அக்காவற்படையினரை நாம் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். எனினும், ஒரு கோட்டை நின்றதேயன்றிப் பாதை மூடவில்லை.

1792 பிப்ரவரியில் கும்பினிப் படையும் நிஜாம், மராட்டியர் படைகளும் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்தன. இம்முறை அவர்களைப் பசி விரட்டவில்லை. மார்ச் மாத உடன்படிக்கையின்படி சுல்தான் தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் கொடுக்க நேர்ந்தது. இரு மைந்தர்களைப் பிணையாக அனுப்ப நேர்ந்தது. அந்தப் பாதி நாட்டில் கும்பினி தனக்கென எடுத்துக்கொண்ட பகுதிகள் எவை என்று பாருங்கள்: மலபார், திண்டுக்கல், பாராமகால். இவற்றோடு குடகும் அதன் சார்பில் சேர்ந்தது. மைசூருக்கு ஏறும் படிகளையெல்லாம் கும்பினி கவனமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

பாதையைச் செய்தவர்கள்

படைத்தலைவர்களின் பெயர்களை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. பாதையைச் செய்தவர்கள் யார்?

முதலாவதாக, ‘பயனியர்’ எனப்பட்ட பாதைப் படையினர். பொள்ளிலூர்ப் பேரழிவு நிகழ்ந்த அதே மாதத்தில், 1780 செப்டம்பர் 30ஆம் நாள், சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகள் தோற்றுவிக்கப்பட்டன. கடப்பாரை, மண்வெட்டி, கோடரி ஆகியவையே இவர்களின் முதற்படைக்கலங்கள். படைக்கு முன்னே சென்று புதர் வெட்டுதல், பாறை உடைத்தல், ஓடைக்கரைகளைச் சரித்து வண்டி இறங்க வழி செய்தல், முற்றுகையின்போது பள்ளம் தோண்டுதல் ஆகியன இவர்களின் பணி. பீரங்கி செங்குத்தில் ஏற மறுத்தால் முன்னால் மாடுகள் இழுக்க, பின்னால் யானை நெற்றியால் முட்டித் தள்ளும். அதற்குத் தக்கவாறு பாதையைச் செப்பனிட்டுக் கொடுப்பவர்கள் இவர்களே. பிற்காலத்தில் இப்படையே சென்னை சாப்பர்ஸ் என்று பெயர் பெற்றுப் பெங்களூரில் நிலைகொண்டது. இதன் வீரர்களைத் ‘தம்பி’ என்று அழைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரியில், இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்த இப்படையின் சுபேதார் சுப்பிரமணியன், தோழர்களைக் காக்க வெடியின்மேல் தாமே விழுந்து உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

இரண்டாவதாக, லம்பாடிகள். இன்றும் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் இவர்களின் தண்டாக்களைக் காணலாம். ஆங்கிலேயர் இவர்களைப் ‘பிரிஞ்சாரி’ என்று எழுதினர். பாரசீகத்தில் அரிசியைக் குறிக்கும் ‘பிரிஞ்ச்’ என்ற சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென்று சிலர் கூறுவர். வணிகத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததென்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இவர்கள் எந்த அரசருக்கும் சம்பளக்காரர் அல்லர். விலை குறைந்த இடத்தில் தானியம் வாங்கி, ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் ஏற்றி, பெண்டு பிள்ளைகளோடு நடந்து, படை இருக்கும் இடத்தில் விற்பார்கள். முகலாயப் படைகளுக்குத் தக்காணத்தில் சோறு போட்டவர்கள் இவர்களே. கும்பினியின் ஒற்றுத் துறையை நடத்திய காப்டன் அலெக்சாண்டர் ரீட் செய்த மிகப்பெரிய வேலைகளுள் ஒன்று, இந்த லம்பாடிகளைத் தம் படைப்பக்கம் சேர்த்துக்கொண்டது. ரீட் பின்னர் பாராமகாலின் முதல் கலெக்டரானார். அவர்கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோ தருமபுரியில் வாழ்ந்து, பிற்காலத்து ரயத்துவாரி முறைக்கு இங்கேயே அடிப்படை பயின்றார்.

மூன்றாவதாக, பேசாத உயிர்களான மாடுகள். ஹைதரும் திப்புவும் போற்றி வளர்த்த ‘அமிர்த மஹால்’ மாடுகளின் விரைவே மைசூர்ப் படையின் விரைவு. ஹைதரின் படை சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் 100 மைல் விரைந்தது அம்மாடுகளின் வலிமையால் என்பர். அம்மாட்டினத்துக்கு உறவான ஆலம்பாடி மாடு தருமபுரி மாவட்டத்துக்கே உரியது. பென்னாகரம் பக்கத்துக் காவிரிக்கரைக் காடுகளில் மேய்ந்து வளர்ந்த இனம்.

நான்காவதாக, இந்நிலத்து உழவர். எந்தப் படை வந்தாலும் அவருடைய களத்து நெல்லும் கேழ்வரகும் போயின. எந்தப் படை சென்றாலும் அவருடைய மாடுகளும் உடன் சென்றன. சுல்தான் எதிரிக்குக் கிடைக்கக்கூடாதென்று தீவனத்தை அழித்தபோதும், கும்பினி தன் படைக்கென்று திரட்டியபோதும் பட்டினி கிடந்தவர் அவரே. நம் அன்புக்குரிய சுல்தானின் போர்த்திறனைப் பாராட்டும்போது இதையும் மறைக்காமல் சொல்வதுதான் நீதி.

படைக்கு உணவும் ஊர்தியும் அளிப்போரின் சிறப்பை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக்கை நோக்கிச் சென்ற படைக்கு ‘ஜைஷுல் உஸ்ரா’, துன்பப் படை, என்று பெயர். அதற்கு ஒட்டகங்களையும் பொருளையும் வழங்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் பெயர் அப்படையின் வரலாற்றோடு பிரியாமல் நிற்கிறது. கொடுத்தவரைப் போற்றும் அந்த மரபில் வந்த நாம், சுமந்தவரையும் நினைக்கவேண்டாமா?

மீண்டும் அதே பாதை

1799 பிப்ரவரி 14ஆம் நாள் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து புறப்பட்டது. இம்முறை எந்தக் கணவாயிலும் அது போரிட வேண்டியிருக்கவில்லை. பாராமகால் ஏழாண்டுகளாகக் கும்பினியின் வீடு. அங்கே ரீட் தானியமும் மாடுகளும் திரட்டி வைத்திருந்தார். படை அமைதியாக நடந்து இராயக்கோட்டையை அடைந்து, மார்ச் 5ஆம் நாள் மைசூர் எல்லையைக் கடந்தது. பின்னாளில் வெலிங்டன் பிரபு எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லியும் அப்படையில் இருந்தார்.

அப்போதும் பசி அவர்களை விடவில்லை. எல்லை கடந்த சில நாள்களிலேயே மாடுகள் மடியத் தொடங்கின. ஏப்ரல் நடுவில் கணக்கெடுத்தபோது, போர்வீரர்க்கு அரை அளவு கொடுத்தாலும் 18 நாளுக்கே அரிசி இருந்தது. பாராமகாலிலிருந்து ரீட் கொண்டுவந்த தொடரையும் தெற்கிலிருந்து வந்த மற்றொரு தொடரையும் மேட்டூர்ப் பக்கத்துக் காவேரிபுரம் கணவாய் வழியாக அழைத்துவர ஜெனரல் ஃபிளாய்டு அனுப்பப்பட்டார். அத்தொடர்கள் வந்துசேர்வதற்குள்ளாகவே, மே 4ஆம் நாள் நண்பகலில், ஹாரிஸ் மதிலின் பிளவைத் தாக்கினார். ஹிஜ்ரி 1213ஆம் ஆண்டின் அந்நாளில் சுல்தான் ஷஹீதானார். மீர் சாதிக் காவற்படையைச் சம்பளம் கொடுப்பதாகச் சொல்லிப் பிளவிலிருந்து விலக்கினார் என்ற குற்றச்சாட்டு அந்த நண்பகலைப் பற்றியது.

1792இல் போர் முடிந்த சில வாரங்களிலேயே, தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் பாராமகால் வழியே பயணம் செய்து இராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், ஜகதேவி முதலிய மலைகளை வரைந்தனர். அவ்வோவியங்களில் மலைகள் அமைதியாக நிற்கின்றன. பாதையில் மடிந்த மாடுகளையும் சுமை தூக்கிய தோள்களையும் அங்கே தேடிக் காணமுடியாது.

மாணவனுக்குச் சொன்னது

அன்று அம்மாணவனுக்கு நான் சொன்ன விடை இது: “துரோகம் கொடியதே, அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால், பிளவருகே நின்ற காவலர் விலகியதால் மட்டும் ஒரு நாடு வீழ்வதில்லை. எதிரி அந்தப் பிளவுவரை எப்படி வந்தான் என்று கேள். அவன் உன் ஊர் வழியாக வந்தான். 1791இல் பசியால் திரும்பியவன், 1799இல் பசிக்கு முன்னே வந்து சேர்ந்தான். இடையிலிருந்த எட்டாண்டில் அவன் பாதையைப் பெற்றான், நாம் இழந்தோம். இராயக்கோட்டை மேற்கோட்டை ஒரு மாதம் தாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால், அந்த வினாவைக் கேட்காமல் மீர் சாதிக்கை மட்டும் சபித்துக்கொண்டிருப்பவன் வரலாற்றிலிருந்து ஒன்றும் கற்கமாட்டான்.”

தோல்விக்கெல்லாம் ஒரு துரோகியைத் தேடுவது எளிது; அது நம் பொறுப்பை இறக்கிவைத்துவிடுகிறது. எங்கே ஆயத்தம் குறைந்தது, எந்தக் கதவு திறந்து கிடந்தது, யாருடைய உழைப்பை மதிக்காமல் விட்டோம் என்று ஆராய்வது கடினம். ஒரு குடும்பத்துக்கும் ஒரு கல்விக்கூடத்துக்கும் ஒரு சமுதாயத்துக்கும் இந்தக் கடினமான கணக்கே பயன் தரும்.

இன்று தருமபுரியிலிருந்து பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூருக்குச் சாலையும் இரயில்பாதையும் செல்கின்றன. தக்காளியும் மாங்காயும் ஏற்றிய லாரிகள் அவ்வழியே ஏறுகின்றன. உங்கள் பிள்ளைகளோடு அவ்வழியே செல்ல நேர்ந்தால், இராயக்கோட்டை மலை தெரியும் இடத்தில் அவர்களுக்கு அதைக் காட்டுங்கள். சுல்தானுடைய வாளின் கதையை அவர்கள் முன்னமே அறிந்திருப்பார்கள். அந்த வாளுக்கு எதிராக 6,000 மாடுகள் அரிசி சுமந்து ஏறிய பாதை இதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.